பதினேழு ஒன்றுகள்

நான்காவது தப்பு அகப்பட்டபோது வைதேஹியின் கை நின்றது.

கணக்கு மெஷினின் கைப்பிடியை விட்டாள். மெஷின் ஒரு மீதியைக் காட்டியது. பதிவேட்டில் வேறு மீதி இருந்தது. பக்கத்தில் பச்சை மசியில் சுருக்கொப்பம்: மா.வா.

மணி ஐந்தேமுக்கால். திங்கட்கிழமை. வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்.

1979 பிப்ரவரி. ஆர்.கே.புரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும் சர்க்கார் கட்டடங்களில் ஒன்றின் மூன்றாவது மாடி. புள்ளிவிவர அலுவலகம். வைதேஹிக்கு அங்கே பதவி கம்ப்யூட்டர். சிரிக்க வேண்டாம். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் என்றால் ஆள்தான். மேஜைமேல் ஒரு ஃபேசிட் மெஷின், அதில் ஒரு கைப்பிடி, அதைச் சுற்ற ஒரு கம்ப்யூட்டர். தற்காலிக நியமனம். மார்ச் 31-ஆம் தேதி மெஷின்களைக் கழித்துக் கட்டப்போகிறார்கள். கூடவே தற்காலிகங்களையும்.

அடித்தளத்தில் குளிர்சாதன அறை ஒன்றில் நிஜமான கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். டைரக்டர் மல்ஹோத்ரா ஜனவரியிலேயே சுற்றறிக்கை விட்டிருந்தார். விண்ணப்பிக்கிறவர்கள் தாங்களாகவே செய்த ஒரு கணக்கைக் கொண்டுவர வேண்டும். பெரியதோ சின்னதோ, சொந்தக் கணக்கு.

வைதேஹியிடம் ஒரு கணக்கு இருந்தது. அது ஆரம்பித்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது.

11111111111111111.

பதினேழு ஒன்றுகள். வேறொன்றும் இல்லை.

போன வருஷம் மெஷின் பழுது பார்க்க வந்த மெக்கானிக் போட்ட விதை அது. அவன் பழுது பார்த்து முடித்ததும் எல்லாக் கட்டத்திலும் ஒன்றைப் போட்டு ஒன்பது தடவை சுற்றுவான். வரிசையாக ஒன்பதுகள் நின்றால் மெஷின் சரி. அவன் போன பிறகு வைதேஹி அந்த ஒன்றுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு ஒன்று, 11. உடையாது. மூன்று ஒன்று, 3 பெருக்கல் 37. ஐந்து ஒன்று, 41 பெருக்கல் 271. ஏழு ஒன்று, 239 பெருக்கல் 4649. பதினொன்று, பதின்மூன்று, எல்லாம் சில நாளில் உடைந்தன. பதினேழு உடையவில்லை. மறு வாரமும் உடையவில்லை.

பார்ப்பதற்கு இவ்வளவு சாதுவாக இருக்கிற எண்ணுக்கு இவ்வளவு பிடிவாதமா?

அதற்கு ஒரு பலவீனம் இருந்தது. ஒரு பகா எண் அதை மீதியில்லாமல் வகுக்க வேண்டுமானால், அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் 34-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். கல்லூரியில் படித்த ஒரு சின்ன விதி. ஆகவே 103, 137, 239 என்று தாவித் தாவிப் போனால் போதும். இருபத்தோரு லட்சம் வரைக்கும் அப்படி ஒன்பதாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் எண்கள்தான். நூலகத்திலிருந்து பகா எண் அட்டவணை வாங்கிப் பட்டியல் போட்டாள். இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்தாள்.

ஒருத்தி பக்கத்து மேஜை கமலேஷ். பஞ்சாபி. ஊசியும் நூலும் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் பதின்மூன்று எண்ணை வகுத்துவிட்டுப் புல்தரைக்குப் போய் வெயிலில் ஸ்வெட்டர் பின்னுவாள். இன்னொருவர் கீழ்மாடி ஹாலில் இருந்த மாணிக்கவாசகம். திருநெல்வேலிக்காரர். முப்பது வருஷ சர்வீஸ். சம்பிரதாயமான மனிதர், கணக்கில் புலி. மூவரும் தினம் ஆளுக்குப் பதின்மூன்று. பதிவேட்டில் வகுத்த எண், வந்த மீதி, தேதி, சுருக்கொப்பம்.

சனிக்கிழமை இருபத்தோரு லட்சத்தைத் தொட்டார்கள். ஒரு இடத்தில்கூட மீதி பூஜ்யம் ஆகவில்லை. "இருபத்தோரு லட்சம் வரை இந்த எண்ணுக்கு வகுத்தி எதுவும் இல்லை" என்று எழுதி விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தாள்.

திங்கள் காலை டைரக்டரிடமிருந்து குறிப்பு வந்தது. இரண்டே வரி. "வியாழன் காலை உங்கள் கணக்கை மெஷினில் போட்டுச் சரிபார்ப்போம். திருத்தம் இருந்தால் புதன் ஒன்றரை மணிக்குள் தரவும்."

சரிபார்க்கட்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவர் வேலையிலும் இருபத்து நான்கு வரிகளை அங்கொன்று இங்கொன்றாக எடுத்துத் திரும்ப வகுத்துப் பார்த்தாள்.

அவளுடையது எல்லாம் சரி. கமலேஷுடையது எல்லாம் சரி.

மாணிக்கவாசகத்துடையதில் நான்கு தப்பு.

அசிரத்தையால் வந்த தப்பாக இருந்தால் ஓர் இலக்கம் மாறும், இரண்டு மாறும். இது அடியோடு வேறு எண். எங்கிருந்தோ பிடுங்கி நட்ட மாதிரி.

தேதிகளைத் தனியே எழுதினாள். மே 10. ஆகஸ்டு 9. நவம்பர் 22. ஜனவரி 17.

எழுதி வைத்துவிட்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாளோ, பழக்கதோஷம், தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்தாள். 91. 105. 56.

மூன்றும் ஏழால் வகுபட்டன.

ஏழால் வகுபட்டால் நான்கும் ஒரே கிழமை. எந்தக் கிழமை?

எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தாள். மாணிக்கவாசகம் வருஷா வருஷம் ஊரிலிருந்து ஆளுக்கொன்று கொண்டுவந்து மாட்டுவது. ஜனவரித் தாள்கள் கிழித்துப் போயாகிவிட்டது. விரல் விட்டு எண்ணினாள். ஜனவரி 17, புதன். பிப்ரவரி 21-ஆம் தேதித் தாளைத் தூக்கிப் பார்த்தாள். புதன். கீழே சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது: ராகு காலம் 12 முதல் 1.30 வரை.

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் ஒன்றிலிருந்து ஒன்றரை.

"அட ராமா!" என்றாள் வைதேஹி வாய்விட்டு.

*

செவ்வாய் காலை மாணிக்கவாசகம் மஃப்ளரை அவிழ்த்து நாற்காலியில் போடுவதற்குள் எதிரில் வைதேஹி வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். புதன்கிழமைல நீங்க மெஷினைத் தொடறதே இல்லையா?"

"யாரு சொன்னா? காலைல பத்து மணியிலேர்ந்து அதைத்தான கெட்டிப்பிடிச்சிக்கிட்டுக் கெடக்கேன்."

"சாப்பாட்டு நேரத்தில?"

அவர் வெற்றிலைப் பெட்டியைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

"அது ஆபீஸ் வேலை இல்லைல்லா தாயி. ஆபீஸ் வேலைக்கு ராகு காலம் கெடையாது, அது சர்க்கார் பொறுப்பு. இது நம்ம சொந்த வேலை. சொந்த வேலையைப் போயி ராகு காலத்துல..."

"அப்ப செய்யலைன்னு சொல்லியிருக்கலாமே சார். மீதி எழுதி கையெழுத்தும் போட்டிருக்கேளே!"

"கட்டத்தைக் காலியா விடச் சொல்லுதியா?" மாணிக்கவாசகம் நிஜமாகவே திடுக்கிட்டார். "முப்பது வருஷமா ஒரு கட்டம் காலியா விட்டதில்லை நான். காலி கட்டம்னா ஆட்சேபணை வரும். ஆட்சேபணைக்கு விளக்கம் எழுதணும். விளக்கத்துக்கு..."

"அந்த நம்பரெல்லாம் எங்கேர்ந்து பிடிச்சேள்?"

"ரேஷன் கார்டு. சர்வீஸ் புக்கு. சைக்கிள் லைசென்ஸ் பில்லை. ஒண்ணு ரெண்டு என் சகலை வீட்டு டெலிபோன்." குரல் இறங்கிவிட்டது. "பொழுதுபோக்குன்னுதான் நெனைச்சேன் தாயி. எதுலயும் பூஜ்யம் வரப்போவதில்லைன்னு நெனைச்சேன். உன் வேலையைக் கொண்டுபோயி இதுல பணயமாக் கட்டுவேன்னு நீ ஏப்ரல்ல சொல்லலியே."

"ஏப்ரல்ல எனக்கே தெரியாதே சார்."

வைதேஹி கணக்குச் சொன்னாள். நாற்பத்து மூன்று புதன்கிழமைகள். புதனுக்குப் பதின்மூன்று. ஐந்நூற்று ஐம்பத்தொன்பது எண்கள். ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷம். நாளை ஒன்றரை மணிக்குள்.

மாணிக்கவாசகம் வெற்றிலைப் பெட்டியை மூடினார். "மூணு மெஷினு. பங்கு போடு."

*

அன்று சாப்பாட்டு நேரத்தில் கமலேஷ் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஊசியைப் பந்தில் குத்தி வைத்தாள்.

"அரே மாணிக்ஜி! நீங்க பண்ணினதா? நான் என்னமோ உங்களை சாது மகாத்மானு நெனச்சேன்."

"சுத்தும்மா, சுத்து. அப்புறம் ஏசு."

செவ்வாய் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழரை வரை மூன்று மெஷினும் ஓடின. மாணிக்கவாசகத்தின் மெஷினை வாசல் காவல்கார சௌகிதார்தான் மேலே தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். புதன் காலை ஏழே முக்காலுக்கே மறுபடி மூவரும் வந்துவிட்டார்கள். வெளியே பனி மூட்டம். விரல் விறைத்தது. கமலேஷ் பாதி பின்னிய ஸ்வெட்டர் கையைத் தன் கைப்பிடிக்குச் சுற்றிவிட்டாள்.

வேலை இதுதான். பதினேழு இலக்கம் மெஷினில் அடங்காது. முதல் பதின்மூன்று ஒன்றுகளைப் போட்டு வகுக்க வேண்டும். வந்த மீதியின் வாலில் பாக்கி நான்கு ஒன்றுகளை ஒட்டி மறுபடி வகுக்க வேண்டும். வகுப்பது என்றால் கழிப்பதுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கழித்தல். கழிக்க முடியாத இடத்தில் ஒரு சுற்று அதிகமாகிவிட்டால் மெஷினுக்குள் மணி அடிக்கும். டிங். உடனே ஒரு சுற்றுப் பின்னால் திருப்பி, ஓர் இலக்கம் நகர்த்தி, மறுபடி.

கறக். கறக். கறக். டிங். கறக்.

பத்து மணிக்கு ஆபீஸ் ஆரம்பித்தபோது பழைய பக்கங்கள் எல்லாம் முடிந்திருந்தன. பூஜ்யம் எங்கும் வரவில்லை. பாக்கி ஒரே ஒரு பக்கம். போன புதன், பிப்ரவரி 14. பதின்மூன்று எண்கள்.

மணி ஒன்று அடித்ததும் கமலேஷ் விரல்களை நெட்டி முறித்தாள். "பஸ், போதும் வைதேஹி. ஒன்பதாயிரம் பார்த்தாச்சு. பதிமூணுல என்ன வந்துடப் போகுது? அந்தப் பழைய காகிதமே இருக்கட்டும்."

வைதேஹிக்கும் அந்த ஆசை ஒரு விநாடி வந்தது. வலது தோள் தீயாக எரிந்தது. பதின்மூன்றுதானே. ஒன்பதாயிரத்து எழுநூறில் பதின்மூன்று என்ன பிரமாதம்?

"எழுந்திரி," என்றார் மாணிக்கவாசகம். "அது என் பக்கம். நான்தான் சுத்தணும்."

"சார், மணி ஒண்ணு அஞ்சு. இன்னிக்குப் புதன்."

"தெரியும்."

"பன்னெண்டிலேர்ந்து ஒண்ணரை."

"காலண்டர் கொண்டாந்து மாட்டுனதே நான்தான். நீ எனக்குப் படிச்சிக் காட்டுதியா?"

அவர் காலண்டருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நெற்றியில் இருந்த திருநீற்றை இன்னொரு முறை தொட்டுக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்தார்.

முப்பது வருஷக் கை. மெஷினே அவருக்காகத்தான் செய்த மாதிரி ஓடியது. முதல் எண், மீதி உண்டு. இரண்டு, உண்டு. மூன்று, நான்கு, ஐந்து. வைதேஹி எழுதிக்கொண்டே வந்தாள். கமலேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒன்று பதினாறு. ஜல்தி, மாணிக்ஜி."

ஒன்பதாவது எண். 20,71,723. பதிவேட்டில் அதற்கெதிரே பச்சை மசியில் ஒரு மீதி அழகாக எழுதியிருந்தது.

"இது என்ன நம்பர் சார்?" என்றாள் வைதேஹி.

"ரேஷன் கார்டு," என்று முனகினார்.

முதல் பாதி முடிந்தது. மீதி 4,88,305. அதன் வாலில் நான்கு ஒன்றுகள். 4883051111.

கறக். கறக். கறக். டிங். ஒன்று பின்னால். ஆக இரண்டு சுற்று. நகர்த்தினார்.

கறக் கறக் கறக், கறக். டிங். பின்னால். மூன்று.

அடுத்த இலக்கம். ஐந்து சுற்று நின்றது, ஆறாவதில் மணி. பின்னால்.

வைதேஹியின் பேனா நின்றது. இரண்டு. மூன்று. ஐந்து. அதற்கு அடுத்த பகா எண்? பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. எண்கள் அப்படியெல்லாம் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனாலும் வாய் தானாக முணுமுணுத்தது. "ஏழு."

"என்னது?"

"ஒண்ணுமில்லே. சுத்துங்கோ சார்."

மெஷினில் பாக்கி 1,45,02,061. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

மணி அடிக்கவில்லை.

ஏழு.

மாணிக்கவாசகத்தின் கை நின்றுவிட்டது. மெஷின் முகப்பில் இருந்த சின்னச் சின்ன ஜன்னல்கள் எல்லாம் ஒரே முகமாகப் பார்த்தன. பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும்.

கீழே புல்தரையில் வேர்க்கடலைக்காரன் கூவுவது மட்டும் கேட்டது.

"இன்னொண்ணு சுத்துங்கோ சார்," என்றாள் வைதேஹி. "மணி அடிக்கறதானு பாக்கணும்."

சுற்றினார். டிங். இடது பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் ஒன்பதுகளாகத் துள்ளின. திருப்பினார். மறுபடி பூஜ்யம்.

"ஐயோ," என்றார் மாணிக்கவாசகம் மெதுவாக. "இதுக்குமேலயா நான் ரேஷன் கார்டை எழுதி வச்சேன்?"

*

வியாழக்கிழமை பத்து மணிக்கு டைரக்டர் மல்ஹோத்ரா முன்னால் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று சனிக்கிழமைக் காகிதம்: வகுத்தி எதுவும் இல்லை. இன்னொன்று புதன்கிழமை ஒன்று இருபத்தெட்டுக்குக் கமலேஷ் படியிறங்கி ஓடிப்போய்க் கொடுத்த காகிதம்:

11111111111111111 = 2071723 × 5363222357.

பக்கத்தில் மடிப்பு மடிப்பாக நீளக் காகிதம். அடித்தளத்து மெஷின் துப்பியது. அதன் கடைசி வரியில் அதே எண். 2071723.

"மெஷினுக்கு நாலு நிமிஷம் ஆயிற்று," என்றார் டைரக்டர் ஆங்கிலத்தில். "உங்களுக்குப் பத்து மாதம். இது வெளிநாட்டில் எப்போதோ உடைத்த எண், தெரியுமா? என் பழைய புத்தகத்தில்கூட இருக்கிறது."

"தெரியாது சார்."

"சனிக்கிழமை இல்லை என்றீர்கள். புதன்கிழமை இருக்கிறது என்றீர்கள். நடுவில் என்ன நடந்தது?"

வைதேஹி சொன்னாள். எடுத்துப் பார்த்த வரிகள். நான்கு தப்பு. நான்கு தேதி. 91, 105, 56. ஏழு. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"யார் செய்த தப்பு?"

"பதிவேடு என்னுது சார். அட்டைல என் பேர்தான் இருக்கு."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூக்கில் மாட்டினார். தேதிகளைப் பார்த்துத் தானே ஒருமுறை விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

"புதன்கிழமை. மதராஸிகள். பகல் ஒரு மணி," என்றார். "இங்கே எனக்கு இருபது வருஷ சர்வீஸ், மிஸ் வைதேஹி. சுவரில் தொங்குகிற காலண்டர் எனக்கும் தெரியும்."

வைதேஹி தேதிகளை எடுக்கக் கை நீட்டினாள், அவர் காகிதத்தின்மேல் விரலை வைத்தார்.

"வகுக்க எனக்கு மெஷின் இருக்கிறது. அதற்குப் புதன்கிழமை தெரியாது. நாளைக்கு யாராவது அதற்குள் ரேஷன் கார்டு நம்பரைப் போட்டால் அது அதையும் வகுத்துக்கொண்டே இருக்கும். எனக்கு அதைக் கண்டுபிடிக்கிற ஆள்தான் வேண்டும்." காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நகர்த்தினார். "மார்ச் ஒன்றாம் தேதி கீழே வந்து சேருங்கள். ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள். அறை குளிரும்."

கதவருகே போனவளைத் திரும்பக் கூப்பிட்டார். "அடுத்து பத்தொன்பது ஒன்றுகளில் கை வைத்துவிடாதீர்கள். அதற்கு வகுத்தியே கிடையாது. அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே நிரூபித்துவிட்டார்கள்."

ரேஷன் கார்டைப் பற்றித் தான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது அவளுக்குப் படியேறும்போதுதான் உறைத்தது. மெஷின் தூக்கி வந்தபோது சௌகிதார் காதில் விழுந்திருக்கும்; மூன்றாவது மாடியில் சௌகிதாருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும்.

*

அடுத்த புதன். பிப்ரவரி 28. மேலே அவளுக்குக் கடைசி நாள். கமலேஷ் அந்த ஸ்வெட்டரை முடித்துக் கொடுத்துவிட்டாள், கைப்பிடிக்குச் சுற்றிய கை மட்டும் ஒரு சுற்று தொளதொளவென்று. அதைப் போட்டுக்கொண்டு விடைபெற வைதேஹி கீழ்மாடி ஹாலுக்குப் போனபோது மணி ஒன்று பத்து.

ஹாலில் ஒருவரும் இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. கறக். கறக். டிங்.

மாணிக்கவாசகம் மெஷின்மேல் குனிந்திருந்தார். பக்கத்தில் டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது. புதுப் பதிவேடு. முதல் பக்கத்தின் தலைப்பில் பச்சை மசியில் ஒன்றுகள் போட்டிருந்தார். வைதேஹி எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது.

"சார், இதுக்கு வகுத்தியே கிடையாதாம். டைரக்டர் சொன்னார். நிரூபிச்சுட்டாளாம், அறுபது வருஷம் முன்னாடியே."

மாணிக்கவாசகம் நிமிரவில்லை. மீதியை எழுதினார். ஓர் இலக்கத்தை விரலால் தொட்டு மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அப்புறம்தான் சுருக்கொப்பம் போட்டார்.

"சொல்லுவாவ," என்றார். "யாரு சுத்திப் பாத்தாவளாம்?"